கணப்பு மூட்டினால் மாடி குளிரும்

என் மாமியார் ஹிஸ்கே எங்களோடு இருக்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், சனிக்கிழமை தன் வீட்டுக்கே திரும்பப் போவதாகச் சொல்லிவிட்டார். தனியாக இருக்கையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வீடு அது. "இங்க எனக்குப் பொழுது போகலை" என்றார். வேறு காரணம் கேட்டாலும் அதையே சொன்னார்.

என் கணவன் வீப்ரனுக்கு முகம் வாடிவிட்டது. அம்மாவுக்குக் குளிரக் கூடாதென்றுதான் கூடத்தில் விறகுக் கணப்பு வைத்திருந்தான். வேலை விட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் விறகு அள்ளி வருவான். நெருப்பு பிடித்துக்கொண்டால் போதும், ஊரையே காப்பாற்றிவிட்டவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். அத்தை பட்டாணி சூப்பைக் குடித்த கையோடு மாடியில் தன் அறைக்குப் போய்விடுவார். நீட்டிப் படுத்தால்தான் அவர் இடுப்புக்குச் சுகம்.

வியாழக்கிழமை வீப்ரன் வெளியூர் போயிருந்தான். விறகோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை கிடையாது, கணப்பை மூட்டவில்லை. சாயங்காலம் துணி மடித்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எப்போதும் இரண்டு ஸ்வெட்டருக்குள் புதைந்திருக்கும் அத்தை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டேன். கை சுட்டது. மற்ற நாட்களில் அது சில்லிட்டுக் கிடக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்லர் தண்ணீரைக் காய்ச்சி, குழாய் வழியாக எல்லா அறைகளின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. அது ஓடலாமா நிற்கலாமா என்று சொல்வது கூடத்துச் சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட். கணப்பு எரிந்தால் கூடம் சூடாகிவிடும். வீடே சூடாகிவிட்டதென்று நம்பி அது பாய்லரை நிறுத்திவிடும். அப்புறம் மாடிக்குச் சொட்டு வெந்நீர் போகாது.

"அத்தே, இது உங்களுக்குத் தெரியுமா?"

"வந்த ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. அவன் நெருப்பு வச்சா இது செத்துடும்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"எனக்காக மூட்டுறான். அதாலதான் நான் வெறைக்கிறேன்னு எப்படிடி சொல்றது? பேசாம போயிடறேன். நீயும் சொல்லித் தொலைக்காத."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுநாள் வீப்ரனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் விறகுக் கூடையை இறக்கி வைத்தான். பிறகு தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றினான். கம்பியில்லாதது, வீட்டில் எங்கே வைத்தாலும் பாய்லருக்குச் சேதி போகும். அதை மாடிக்குக் கொண்டுபோய் அத்தையின் கட்டிலருகே வைத்தான். இனி அந்த அறை சூடாகும்வரை பாய்லர் நிற்காது.

அத்தை என்னை முறைத்தார். "உன்கிட்டப் போய்ச் சொன்னேன் பாரு."

"ஏம்மா, நான் என்ன அவ்வளவு கோவக்காரனா?" என்றான் வீப்ரன்.

"கோவக்காரனா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்டா. நீ சந்தோஷமா இருந்தே. வாய் வரலை."

அவன் கதவோரம் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினான். அத்தை தடுக்கவில்லை.