இரண்டு தட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகத் தொலைபேசியில் வந்தது. எதிர்வீட்டுக் கண்டக்டர் (ஓய்வு பெற்றுவிட்டார், அது இன்னும் அவருக்குத் தெரியாது) மனைவியோடு ஊர் சுற்றப் போன பெருநகரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் நகரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கோட்டைச் சுவர்கள் மாலை வெயிலில் பொன்னாக மின்ன..."

வேண்டாம். அந்தக் கோட்டையை நான் பார்த்தேனா என்ன? நான் பார்த்தது, அவர்கள் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதை. இந்த வயதில் முதுகுப் பையா என்று தெருவே வாயைப் பிளந்தது. சக்கரம் வைத்த பெட்டி வழியை அடைக்கும் என்பது கண்டக்டரின் தீர்ப்பு.

(செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளறை அலமாரியில் செடி எதுவும் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன்.)

3

சாவியைக் கொடுத்தபோது அவர் மனைவி சொன்னது:

"அக்கா, இத்தனை வருஷத்துல அவரு கூட நான் எங்கயும் போனதில்ல. இந்த டூர்ல ஒரு எடத்தையாவது என் பக்கத்துல நின்னு பார்க்கட்டும். இல்லேன்னா அங்கேருந்தே எங்க அக்கா வீட்டுக்கு ரயிலேறிடுவேன். திரும்ப மாட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. என்னிடம் வந்து வெளியே போகாத முதல் விஷயம் அது. அந்தப் பாரத்தில் எனக்கு...

(சரி, என்னைப் பற்றி எதற்கு.)

4

அரண்மனை, கல்கோபுரம், பழைய ராணியின் கல்லறை. எல்லா இடத்திலும் ஒரே கதை. வாசலில் கூட்டத்தைக் கண்டதும் கண்டக்டருக்குக் கை பரபரக்கும். "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!" பாஷை புரியாதவர்கள்கூட உள்ளே போனார்களாம். கோபுரத்தின் உச்சியிலிருந்து அவள் கையசைத்தபோது, இவர் கீழே வரிசையின் வாலைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பிறகு சுற்றுலா மினி பஸ். அது நினைவுச்சின்னங்களையும் ரயில் நிலையத்தையும் சுற்றிச் சுற்றி வருவது. அவள் முதலில் ஏறி, பக்கத்து இருக்கையில் தண்ணீர் பாட்டிலை வைத்து இவருக்கு இடம் பிடித்தாள். இவர் கீழே நின்று கடைசி ஆள் வரை ஏற்றிவிட்டார். கதவைச் சாத்தினார். பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்!" என்றார்.

டிரைவர் என்ன செய்வார் பாவம். எடுத்துவிட்டார்.

5

இங்கே எனக்கே பாத்திரத்தின்மேல் சந்தேகம். மனுஷன் இப்படியும் இருப்பாரா? தண்ணீர் லாரி வந்தால் தெரு முழுவதையும் வரிசையில் நிறுத்தி, கடைசியில் காலிக்குடத்தோடு வீடு திரும்புகிறவர். இருப்பார்.

அந்த பஸ் போன கையோடுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஜன்னல்ல திரும்பிப் பார்த்தா, அக்கா. கையக்கூட ஆட்டல. அவ போனு என் பையில கெடக்கு. வேற யார் போன்லேருந்தாவது உங்களுக்குப் பேசினாளா?"

"இல்லியே."

"சுத்தி இங்கதான வரணும். வந்துடுவா."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், அக்கா வீடு, ரயில் எல்லாவற்றையும்.

"நெசமாவா சொன்னா?"

"கண்டக்டரே, பஸ்ஸு வந்தா மொத ஆளா ஏறுங்க."

"நெறைய பேர் நிக்கிறாங்களேக்கா..."

"நிக்கட்டும்! நீங்க மட்டும்தான் அவங்கள ஏத்திவிடணுமா?"

"இருங்க. வருது."

6

முடிவு ஒன்று: பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உட்காருங்க" என்கிறாள்.

முடிவு இரண்டு: இருக்கையில் பாட்டில் மட்டும் இருக்கிறது.

(இதை எழுதிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன். திரும்பி வந்து இரண்டையும் கோடு போட்டு அடித்தேன்.)

நடந்தது இவ்வளவுதான். கண்டக்டர் போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுவிட்டார். நானும் காதை எடுக்கவில்லை. பஸ் வந்து நிற்கும் சத்தம். கூட்டத்தின் இரைச்சல். "உள்ள போங்க" என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கதவைச் சாத்தும் சத்தம். அப்புறம், தகரத்தில் இரண்டு தட்டு. "ரைட்" இல்லை. தொடர்பு அறுந்தது.

தட்டியது யார்? வழக்கம்போல வெளியே நின்ற அவரா? உள்ளே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மறந்த வேலையைச் செய்துமுடித்த அவளா?

உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் என் வீட்டுத் தகரக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. நீங்களும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.