கிழவனின் பெயர்

டாக்ஸியிலிருந்து அக்கா இறங்க மாட்டேன் என்றாள். ஒரு கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்ற பேருந்துகளையும் அவற்றிலிருந்து இறங்கிய கூட்டத்தையும் பார்த்தாள்.

"யார் வீட்டுக் கல்யாணம்டீ?"

"கல்யாணம் இல்லக்கா. மியூசியம்."

"இவ்வளவு ஜனம் வந்திருக்கு, கல்யாணம் இல்லையாம்! கையை வீசிக்கிட்டு வந்து நிக்கறோம். அம்மா திட்டுவா."

அம்மா செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. சொன்னால் இப்போதுதான் செத்த மாதிரி அழுவாள், பிறகு மறந்துவிடுவாள், மறுபடி சொன்னால் மறுபடி அழுவாள். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ இறங்கு" என்றேன். அம்மா பெயரைச் சொன்னதும் இறங்கிவிட்டாள்.

ஸ்லாட்டா அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். இஸ்ரேலில், ஹோலோன் ஊரில் ஒரே கட்டடத்தில், அவள் கீழ் வீட்டில், நான் மேல் வீட்டில் இருந்து காலம் தள்ளியவர்கள் நாங்கள். இரண்டு பேருக்கும் புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. போன வருஷத்திலிருந்து அவளுக்கு ஞாபகம் கரைகிறது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு ஹீப்ரு மொழி முழுவதும் போனது. கடைக்காரனிடம் எங்கள் சின்ன வயது வீட்டு மொழியான யித்திஷில் பேசி, அவன் விழிப்பதைப் பார்த்து, செவிடன் என்று திட்டிவிட்டு வருவாள். இந்த மாதம் என் பெயரும் போய்விட்டது. நேரத்துக்குத் தகுந்தபடி நான் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி. டாக்டர் நல்ல மாதிரி. "கேட்க வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே கேட்டுடுங்க, ஹிண்டா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கேட்க வேண்டியது எனக்கு ஒன்றே ஒன்றுதான். எங்கள் தம்பியின் பெயர்.

வீட்டில் அவனைக் கிழவன் என்றுதான் கூப்பிட்டோம். அவனுக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்தபோது, எங்கள் யூத ஜனங்களின் வழக்கப்படி, சாவுத் தூதனை ஏமாற்ற ஏற்பாடு செய்தார்கள். எட்டாம் நாள் சடங்கில் வைத்த பெயரை அதற்குப் பிறகு யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எல்லோரும் அவனை 'ஆல்ட்டர்', அதாவது கிழவன், என்றே கூப்பிட வேண்டும். தூதன் குழந்தையைத் தேடி வருவான், இங்கே கிழவன்தான் இருக்கிறான் என்று திரும்பிப் போய்விடுவான். கல்யாணத்தன்று மணப்பத்திரத்தில் எழுதுவதற்காக மட்டும் உண்மையான பெயரை வெளியே எடுக்கலாம். அதற்குள் ஆபத்து தாண்டியிருக்கும்.

அந்த வீட்டில் அதனால் ஒரே சிரிப்பு. கிழவன் பால் குடித்தானா, கிழவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கிழவன் பாயை நனைத்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கிழவன் இன்னிக்கு நடந்தானாமே!" என்று கேலி செய்வார்களாம். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு வெள்ளைச் சட்டையும், என் தலைமுடியைப் பிடித்து இழுத்த ஒரு கையும்தான். பெயர் வைத்த அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேனாம். மேஜைக்கடியில் உட்கார்ந்து தேன் கேக் தின்றுகொண்டிருந்தேனாம். அந்தப் பெயர் என் காதிலும் விழுந்திருக்கிறது. மூன்று வயதில் எனக்குக் கேக்தான் பெரிதாக இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான், எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளின் பெயர் இன்றைக்கும் வரிசையாக வரும். கூடப் பிறந்தவனின் பெயர் வராது. இதை நினைத்தால் என் மண்டையை நானே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஜெர்மன்காரர்கள் யூதர்களைப் பிடித்துக் கொன்ற நாட்களில், அம்மா எங்களை ஒரு போலந்துக்காரியின் வைக்கோல் கொட்டகையில் ஒளித்துவைத்தபோது கிழவனுக்கு இரண்டு வயது. அவன் அழுவான், சத்தம் கேட்கும், அவனை வேண்டாம் என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டாள். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். போகும்போது அக்காவிடம், "அவன் பேரை மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதே" என்று சத்தியம் வாங்கினாளாம். அவ்வளவுதான், பிறகு இரண்டு பேரையும் நாங்கள் பார்க்கவே இல்லை. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நல்ல நினைவோடு இருந்த நாட்களிலும் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "அவன் செத்ததை நீ பாத்தியா? நான் பாத்தேனா? பேரைச் சொன்னா, அவன் செத்துட்டான்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி" என்பாள். கதவைச் சாத்திக்கொள்வாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் மாடியேறிப் போய்விடுவேன்.

இப்போது நாளை என்பது இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் அப்படி ஒருவன் பிறந்ததற்கே அடையாளம் கிடையாது. பழைய பொருள்களையும் படங்களையும் பார்த்தால் அவள் வாய் திறக்கும் என்று நம்பித்தான் ஜெருசலேமில் அப்படிக் கொல்லப்பட்டவர்களுக்காக இருக்கும் இந்த மியூசியம் வரைக்கும் டாக்ஸி வைத்துக் கூட்டி வந்தேன்.

உள்ளே போனதும் என் நம்பிக்கையில் பாதி போய்விட்டது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்த முகங்களாக இருந்தன. சுவரில் இருந்த ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, தலையசைத்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். ஒரு மூட்டையோடு நின்ற பெண்ணைப் பார்த்து, "இவ மாமியார் மகா பொல்லாதவ" என்று எனக்கு மட்டும் சொன்னாள். தரையில் கண்ணாடிக்கு அடியில் செருப்புகள் குவிந்திருந்த இடத்தில் நின்றுவிட்டாள். மேலே மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்தாள்.

"எல்லாம் வெளிய விட்டுட்டு உள்ள போயிருக்காங்க. ஆனா திரும்பி வர்றப்போ எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"அக்கா, கிழவனோட செருப்பு ஞாபகம் இருக்கா?"

"கிழவனுக்கு ஏதுடீ செருப்பு? அவன் இப்பத்தானே நடக்கறான்."

"அவன் பேரு என்னக்கா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் பழைய அக்கா முழுசாக இருந்தாள். "கிழவன்" என்றாள். உதட்டை மடித்துக்கொண்டாள்.

பெயர்களைத் தேடித் தரும் அறையில் இனாத் என்ற பெண் இருந்தாள். போன மாதமே நான் வந்து பார்த்திருந்ததால் அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாவையும் அம்மாவையும் கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் எப்போதோ பதிந்தாகிவிட்டது. தம்பிதான் இல்லை. ஆல்ட்டர் என்று தட்டினால் திரை நிறையக் கிழவன்கள் வருகிறார்கள். அத்தனை தாய்மாரும் அதே தந்திரத்தைத்தான் செய்திருக்கிறார்கள்.

"ஆல்ட்டர்னே பதிஞ்சிடலாமேம்மா" என்றாள் இனாத் மென்மையாக. "அதுவும் அவர் பேர்தானே."

"அது பேர் இல்லம்மா. வேஷம்" என்றேன். சின்னப் பெண்ணின் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அக்கா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். "அழாதீங்கம்மா. உங்க வீட்டுல யாருக்கு என்ன?" என்று என்னையே விசாரித்தாள்.

வெளியே வந்து, மரங்களுக்கு நடுவே நடந்து, கொல்லப்பட்ட குழந்தைகளின் நினைவாகக் கட்டியிருக்கும் இருட்டு அறைக்குப் போனோம். எனக்கு அங்கே எந்தத் திட்டமும் இல்லை. வெயிலாக இருந்தது, அக்கா களைத்திருந்தாள், நான் தோற்றுப்போயிருந்தேன். உள்ளே கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவித்தான் போக வேண்டும். எரிவது சில மெழுகுவர்த்திகள்தான். கண்ணாடிகளில் பட்டு மேலும் கீழும் எல்லாப் பக்கமும் சுடராகத் தெரியும். ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே இருக்கும். பெயர், வயது, நாடு.

அக்காவின் விரல்கள் என் கையில் அழுந்தின.

"எவ்வளவு மெழுகுவத்தி! பொய்தானே சொன்னே நீ? இது கல்யாணம்தானே?"

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையை மெழுகுவர்த்தி ஏந்தித்தான் அழைத்துவருவார்கள். காலையிலிருந்து இல்லை இல்லை என்று சொல்லிவந்த என் வாய், இப்போதும் இல்லை என்று சொல்லத்தான் திறந்தது.

"ஆமாக்கா. கல்யாணம்தான்."

"யாருக்கு?"

"கிழவனுக்கு."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பெண் சிரிக்கிற மாதிரி. "நம்ம கிழவனுக்கா? பொண்ணு யாரு?"

"ரொட்டிக்காரர் மக."

"அய்யோ, அவளா! அவ அம்மாவுக்கு வாய் காது வரைக்கும். போகட்டும், பொண்ணு தங்கம். அம்மாவுக்குச் சம்மதமா?"

"அம்மாதான் என்னை அனுப்பினா." எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. "பத்திரம் எழுத உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளையோட நெசப் பேர் வேணுமாம். உனக்குத்தான் தெரியும், உன்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னா."

அக்கா இருட்டில் தலையைத் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு என் தலையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையையும் குவித்து என் காதை மூடி, அந்தக் குகைக்குள் வாயை வைத்தாள்.

"நஃப்தாலி."

வாழ்நாளெல்லாம் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. நஃப்தாலி, நஃப்தாலி என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேஜைக்கடியில் இருந்தவளுக்கு இது ஞாபகம் வருகிறதா என்று தேடினேன். வரவில்லை. யாரோ ஒருவரின் பெயராகத்தான் இருந்தது.

"கேட்டுதா?"

"கேட்டுதுக்கா."

"அப்போ போய்க் கூட்டிட்டு வா. சீக்கிரம். சொல்லியாச்சு இல்ல, அதுவும் கேட்டிருக்கும்." இருட்டில் இருக்கும் சாவுத் தூதனைத்தான் சொன்னாள். அவள் குரலில் பயம் ஏறிக்கொண்டிருந்தது. "பந்தலுக்குக் கீழ வந்துட்டான்னா ஒண்ணும் பண்ண முடியாது. ஓடு."

நான் ஓடவில்லை. எங்கே ஓடுவது? இத்தனை காலமும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அவளுக்கு அவன் எங்கோ உயிரோடு இருந்தான். நான் ஆசை காட்டி அந்த வாயைத் திறந்துவிட்டேன். நேராக இனாத்திடம் போய்ச் சொன்னால் போதும், ஒரு நாள் இந்தக் குரல் இதே அறையில் அவனையும் கூப்பிடும். நஃப்தாலி, இரண்டு வயது, போலந்து. அதற்காகத்தானே வந்தேன்.

குரல் மொழி மாறி யித்திஷில் வாசிக்க ஆரம்பித்தது. அக்கா தலையைத் தூக்கிக் கேட்டாள். நான்கு வயது. ஒன்பது வயது. மூன்று வயது.

"யாரு வந்திருக்காங்கன்னு சொல்றாங்களா?"

"ஆமாக்கா."

இன்னும் சில பெயர்களைக் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். "எல்லாம் குழந்தைங்களா இருக்கே. பெரியவங்க ஒருத்தர்கூட வரலையாடீ?" என் கையை உலுக்கினாள். "இவங்க பேரையெல்லாம் யாரு இப்படிச் சத்தமா சொல்றது? இவங்க அம்மாங்க எங்க போனாங்க?"

அவளை அணைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன். வெளியே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. குன்றின் மேல் நல்ல காற்று. இனாத்தின் கட்டடம் அங்கிருந்தே தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தேன். அக்கா வரவில்லை. வாசலிலேயே, உள்ளே பார்த்தபடி நின்றுவிட்டாள். பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தது. வருகிற ஒவ்வொரு ஆண் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள், இல்லை என்று அடுத்த முகத்துக்குப் போனாள். "வழி விடுங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் சுவரோரமாக ஒதுங்கினோம்.

அவளுடைய வலது கை எதையோ பிடித்திருப்பது போல நெஞ்சுக்கு முன்னால் உயர்ந்திருந்தது. இடது கை அதைச் சுற்றிக் குவிந்திருந்தது. கூட்டம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. உள்ளே இருட்டு மட்டும் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையும் காலும் சும்மா வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்கிற எரிச்சலோடு, என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்து, தன் கைகளைச் சுற்றிக் குவித்து வைத்தாள்.

"காத்தடிக்குது" என்றாள். "அவன் வர்ற வரைக்கும் அணையாம பாத்துக்க."