எட்வேட்டின் இரண்டு துவக்குகள்

வான்கோழி பறக்கும் என்பது பாலேந்திராவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பண்ணை வேலிக்கு அப்பால் நின்ற ஓக் மரங்களில், கறுப்புத் துணி மூட்டைகளை யாரோ தூக்கிக் கட்டிவிட்டதுபோல அவை குந்தியிருந்தன. முந்தின நாள் அடித்த காற்றுக்குக் கூட்டின் தகரம் ஒன்று பெயர்ந்து விழ, அந்த வழியால் நரி பூர, உள்ளே நின்றவை எல்லாம் வெளிக்கிட்டு ஓடிவிட்டன. ஓடியதில் பாதியைப் பிடித்தாயிற்று. மிச்சம் மரமேறிவிட்டது.

பண்ணை அப்மின்ஸ்டருக்கு அப்பால், லண்டன் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. அதன் சொந்தக்காரன் எட்வேட் என்ற வெள்ளைக்காரக் கிழவன். நத்தார் மாதமான டிசம்பர் வந்தால் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரு வேன் நிறையத் தமிழ் ஆட்கள் அங்கே இறகு பிடுங்கப் போவார்கள். விறைத்த கையால் நாள் முழுக்கப் பிடுங்கினால் விரல் நுனி வெடித்து, இரவில் சோறு பிசையும்போது எரியும். பாலேந்திராவும் குகதாசனும் அந்த வேனில் வருகிறவர்கள். குகதாசனுக்கு அது மூன்றாவது நத்தார். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். கிழவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான்.

அந்த வருஷம், தொண்ணூற்று நான்கு, அவனுடைய அகதிக் கேஸை நிராகரித்திருந்தார்கள். அப்பீல் ஜனவரியில் வருகிறது. அதிலும் தோற்றால் பிளேன் ஏற்றிவிடுவார்கள். வென்றால் ஊரில், முள்ளியவளையில், கிடக்கிற மனைவி கமலாம்பிகையையும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் கூப்பிட ஒரு வழி திறக்கும். “நல்லவன் எண்டு சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வந்தால் பலம்” என்று லோயர் சொல்லியிருந்தார். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது எட்வேட் முழுதாகக் கேட்டு முடிக்கக்கூட விடவில்லை. “வருகிறேன். என் கலியாணக் கோட்-சூட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன்” என்றான்.

அன்று காலை எட்வேட் இரண்டு வேட்டைத் துவக்குகளைக் கொண்டுவந்து களஞ்சிய மேசையில் கிடத்தினான். ஒன்று இரட்டைக் குழல், இருபதாம் நம்பர். மற்றது ஒற்றைக் குழல், கம்பிபோல மெலிந்தது. அதை அவன் ஃபோர்-ரென் என்றான்.

“நானூற்றிப் பத்தோ? அப்ப இதுதான் பெரிய சாமான்” என்று பாலேந்திரா தமிழில் சொல்லிவிட்டு, இங்கிலீஷிலும் சொன்னான். எட்வேட் சிரித்துச் சிரித்து இருமினான். இரண்டு நம்பரும் வேறு வேறு கணக்கு, நம்பர் பெரிதானாலும் இதுதான் சின்னத் துவக்கு என்று விளங்கப்படுத்தினான். ஃபோர்-ரென்னுக்குத் தோட்டா சின்னது, உள்ளே ஈயக் குண்டும் கொஞ்சம், சின்னப் பிள்ளைக்கும் தோள் நோகாது. இருபதாம் நம்பர் என்றால் தூரம் போகும், ஆனால் உதைக்கும். அந்த உதைதான் தனக்கு ஆகாது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். வசந்தத்தில் அங்கே ஒரு பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். துவக்கைத் தோளில் வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கண்ணும் மங்கல்.

“என் காணிக்குள், நான் பக்கத்தில் நின்றால், லைசன்ஸ் இல்லாதவனும் சுடலாம். யார் சுடுகிறீர்கள்? எதை எடுக்கிறீர்கள்?”

குகதாசனின் கை தானாகவே இருபதின் பக்கம் போனது. போன கையை அவன் மேசை விளிம்பில் வைத்து மரத்தூளைத் தட்டிவிட்டான்.

“நான் சுடுறன்” என்றான் பாலேந்திரா. “சின்னதைத் தாங்கோ. எனக்கு உதை வாங்க ஏலாது.” குகதாசனைப் பார்த்துக் கண்ணடித்தான். “அண்ணையைக் கேக்காதேங்கோ. பிள்ளையார் கதை விரதம் பிடிச்சுக்கொண்டு வான்கோழி உரிக்கிற ஒரே மனுசன் லண்டனிலை எங்கட அண்ணைதான்.”

“வாயை மூடடா.”

ஃபோர்-ரென் அந்த மரத்துக்கு எட்டாது. வான்கோழியின் இறகு பாய்போலத் தடிப்பு. அந்தச் சின்ன ஈயச் சன்னம் தூரத்திலிருந்து போனால் சதையில் தங்குமே தவிர உயிர் போகாது. கொண்டுபோனால் மரத்தின் காலடிக்கே போகவேண்டும். இல்லையென்றால் இருபதை எடுக்கவேண்டும். இவ்வளவும் குகதாசனுக்குத் தெரியும். தெரியும் என்று காட்டக்கூடாது என்பதும் தெரியும். “துவக்கைத் தொட்டிருக்கிறாயா?” என்று இன்டர்வியூவில் கேட்டபோது, வாழ்க்கையில் தொட்டதே இல்லை என்று கைநாட்டு வைக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

மூன்று பேரும் ஈரத்தில் நடந்து மரத்தை அண்டினார்கள். அண்டினார்கள் என்றாலும் பாதி வழிதான். பாலேந்திராவுக்குப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலேயே நிமிர்த்தி விசையை இழுத்தான். ஓலைப் பட்டாசுபோல ஒரு சத்தம். கீழ்க் கொப்பில் இருந்த சேவல் தலைகீழாக விழுந்தது.

“விழுந்திட்டுது! அண்ணை, பாத்தீங்களே!”

விழுந்தது எழும்பியது. ஒரு செட்டை மண்ணில் இழுபட, முட்பற்றைக்குள் பூர்ந்து, மறுபக்கத்தால் உழுத வயலுக்குள் இறங்கியது. அங்கே நின்று கழுத்தை நீட்டி ஒரு சத்தம் போட்டது. இறகு பிடுங்குகிற கொட்டிலில் கேட்கிற சத்தம் இல்லை அது. எட்வேட்டின் முகம் வெளுத்துவிட்டது. தன் காணியில் ஒரு பிராணி இப்படி இழுபடுவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். குழலை மடக்கி முறித்துத் திறந்தபடி கையிடுக்கில் வைத்திருந்த இருபதில் இரண்டு தோட்டாவைப் போட்டு மூடி, டொக்டரையும் மறந்து, தோளுக்குக் கொண்டுபோனான். பேஸ்மேக்கர் வைத்த பக்கத் தோளுக்கே. குழல் ஆடியது.

குகதாசன் யோசிக்கவில்லை. கிழவனின் கையிலிருந்து துவக்கை வாங்கினான், பறித்தான் என்றே சொல்லலாம். துவக்கின் அடிக்கட்டையான பிடங்கைத் தோளில் பொருத்திக் கன்னத்தை அதன்மேல் சாய்த்தான். வான்கோழி குனிந்திருந்தது. அவன் பொறுத்தான். அது தலையைத் தூக்கியபோதுதான் விசையை இழுத்தான்.

தோளுக்குள் யாரோ ஆப்பு இறுக்கியதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வயலில் ஒன்றும் அசையவில்லை.

எட்வேட் தொப்பியைக் கழற்றினான். பிறகு குகதாசனின் முதுகில் அடித்து, “எங்கே பழகினாய்?” என்று கேட்டான். குகதாசன் துவக்கை முறித்து, மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்து, குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக் கொடுத்தான். அதையும் கிழவன் கவனித்தான்.

கிழவன் செத்ததை எடுக்கப் போனதும் பாலேந்திரா கிட்ட வந்தான். சிரிப்பு முகத்தில் இல்லை.

“அண்ணை. நீங்கள் எந்த இயக்கத்திலை இருந்தனீங்கள்?”

“ஒண்டிலையும் இல்லை. வயலுக்குக் காட்டுப் பண்டி வரும். அதுக்குச் சுட்டனான். கவுண்மென்ற் லைசன்ஸ் தந்த துவக்கு.”

“பிறகென்ன? அதைச் சொல்லுறதுக்கென்ன?”

“இயக்கப் பொடியள் வந்து துவக்கைக் கேட்டாங்கள். குடுத்தன். குடுக்காமல் இருக்க ஏலுமே? பிறகு ஆமி வந்து, லைசன்ஸிலை உன்ரை பேர் கிடக்குது, துவக்கு எங்கை எண்டு கேட்டான். ஆமி காம்ப்புக்குக் கொண்டுபோய்ப் பிடங்காலை அடிச்சுத்தான் இந்தத் தோள் முறிஞ்சது.”

பாலேந்திரா வாயைப் பிளந்தான். “அப்ப கேஸிலை என்னத்தைச் சொன்னனீங்கள்?”

“ஷெல் விழுந்து வீடு எரிஞ்சது எண்டு.”

“தோளுக்கு?”

“உழவு ரக்டராலை விழுந்தது எண்டு.”

அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார் இராஜேந்திரன். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்துகொண்டு, வந்து இறங்குகிற எல்லோருக்கும் கேஸ் சொல்லிக்கொடுக்கிற மனுஷன். காசு வாங்கமாட்டார். கெட்ட மனுஷனும் இல்லை. “துவக்கு எண்ட சொல்லே உங்கட வாயிலை வரப்படாது. வந்தால் இயக்கம் எண்டு எழுதிப்போடுவான்” என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார். அந்த வீட்டில் படுத்திருந்த எல்லோருக்கும் ஒரே ஷெல்தான் விழுந்தது, ஒரே வீடுதான் எரிந்தது. வாசித்து வாசித்து அலுத்துப்போன ஒபிஸர் ஒருவன் குகதாசனுடையதையும் அப்படியே தள்ளிவிட்டான்.

“உண்மையைச் சொல்லியிருந்தால் வெண்டிருப்பியளே, அண்ணை. காயம் கிடக்குதே உடம்பிலை!”

“இனிச் சொன்னால் முந்திச் சொன்னது பொய்யெண்டு வரும். அப்ப இதையும் பொய்யெண்டுதானே சொல்லுவாங்கள்.”

எட்வேட் திரும்பி வந்தான். காலில் பிடித்துத் தூக்கிய பறவையின் தலை ஆடியது. மூச்சு வாங்கியபடி ஒரே சந்தோஷமாக ஏதோ நீளமாகச் சொன்னான். குகதாசனுக்குப் பாதிதான் பிடிபட்டது. பாலேந்திரா கீழே பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தான்.

“ஜனவரியிலை ஜட்ஜுக்கு இதைத்தான் சொல்லப்போறாராம். சரியான துவக்கு எது எண்டு தெரிஞ்ச ஆளாம் நீங்கள். தலை தூக்கும் வரைக்கும் பொறுத்துச் சுட்டீங்களாம். ஒரு சீவன் வதைபடக் கூடாதெண்டு நினைக்கிற மனுசனை எப்படித் திருப்பி அனுப்புவியள் எண்டு கேக்கப்போறாராம்.”

குகதாசன் தலையாட்டினான். பாலேந்திரா அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் கிழவனுக்குச் சொல்லுறன். துவக்குக் கதையை எடுக்காதேங்கோ எண்டு.”

“வேண்டாம். சத்தியம் பண்ணிக் கூண்டிலை ஏறுற மனுசனை என்ரை பொய்க்குள்ளை இழுக்கிறதோ? மறிச்சு ஒரு கேள்வி கேட்டால் கிழவன் சொல்லிப்போடும். பொய் சொல்லத் தெரியாத ஆள். அதுக்காகத்தானே கூப்பிட்டனாங்கள்.”

“அப்ப என்ன செய்யப்போறியள்?”

குகதாசன் கிழவனைப் பார்த்தான். தனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் தேடி எடுத்தான். அதில் வேண்டாம் என்பதற்குச் சொல் இருந்தது. ஏன் என்பதற்கு இல்லை.

“ஜனவரி, கோர்ட். யூ நோ கம்.”

எட்வேட் சிரிப்போடு காதைக் கிட்டக் கொண்டுவந்தான்.

“நோ கம், எட்வேட். ப்ளீஸ்.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று பாலேந்திராவைக் கேட்டான். பாலேந்திரா குகதாசனைப் பார்த்தான். குகதாசன் சொல்லாதே என்று தலையை அசைக்க, அவன் குனிந்து சப்பாத்தில் ஒட்டிய சேற்றை வழித்தான். கிழவன் இரண்டு துவக்கையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பறவையோடு, வீட்டுப் பக்கம் நடந்தான். சேற்றில் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்துப் போனான்.

அன்று மிச்சத்தைச் சுடவில்லை. பின்னேரம்வரை இறகு பிடுங்கினார்கள். குகதாசனின் வலது கை மேலே வரமாட்டேன் என்றது, இடக்கையால் பிடுங்கினான். வழக்கமாகத் தேத்தண்ணிக் கேத்தலோடு கொட்டிலுக்கு வருகிற எட்வேட் அன்றைக்கு வரவில்லை. அவனுடைய நாய் மட்டும் வந்து எல்லோரையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது.

திரும்பும்போது வேனில் எல்லோரும் நித்திரை. ரோம்ஃபோர்ட் றோட்டின் வாகன நெருக்கத்தில் வேன் நின்று நின்று ஊர்ந்தது. பாலேந்திரா தூங்கவில்லை.

“அண்ணை, அப்ப ஜனவரியிலை உங்களோடை ஆர் வரப்போயினம்?”

குகதாசன் கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ வாறியோ?”

“நானோ? நானும் கேஸ்காரன்தானே, அண்ணை. நான் வந்து என்னத்தைச் சொல்லுறது?”

“ஒண்டும் சொல்ல வேண்டாம். பின்னாலை ஒரு கதிரையிலை இரு.”

பாலேந்திரா மடியில் ஒட்டியிருந்த இறகு ஒன்றைப் பிடுங்கி எறிந்தான். பிறகு, அண்டைக்கு ஷிப்ட் இல்லையெண்டால் வாறன் என்றான்.