குப்பை வண்டியில் போன பின்னல்

என் பையின் அடி கிழிந்திருந்தது. பின்னலைக் காணவில்லை.

கீமோ தொடங்குவதற்கு முந்தைய நாள் என் மனைவி தானே வெட்டிக்கொண்ட பின்னல். அதை மரக்கோயிலில் வைக்கத்தான் நெவாடா பாலைவனத்து விழாவுக்கு வந்திருந்தேன். இறந்தவர்களுக்காக அங்கே வைப்பதெல்லாம் ஞாயிறு இரவு கோயிலோடு எரியும். இன்று ஞாயிறு. பகல் பன்னிரண்டுக்கு, யாரும் உள்ளே போகாதபடி கோயிலைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பக்கத்துக் கூடாரத்து லோர்னா குனிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்தால் இறகு, பொத்தான், முடி எல்லாம் இங்கே குப்பைதான். ஒரு நூல்கூட மிஞ்சக் கூடாது.

“பின்னல் ஒண்ணு பாத்தீங்களா?”

“பழுப்பு கலரா? எந்தக் கழுதை சவுரியைக் கழட்டிப் போட்டுதோன்னு திட்டிக்கிட்டே...” என் முகத்தைப் பார்த்தாள். “ஐயோ கண்ணா. உன்னோடதா?”

“எங்க?”

“ஹாங்க்கோட குப்பை வண்டில. இப்பதான் கிளம்பினான்.”

ஓடினேன். எந்த வண்டியும் இங்கே மணிக்கு ஐந்து மைலைத் தாண்டக் கூடாது. பிடித்துவிடலாம். ஆனால் புழுதிப் புயல் எழுந்தது. வண்டி மறைந்தது. பிறகு என் கையே தெரியவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்து ஓடினேன். அதுவும் நின்றது.

நெற்றி தகரத்தில் மோதியது. புழுதியில் ஓட்டக் கூடாதென்று ஹாங்க் நிறுத்தியிருந்தான்.

“யார்றா அது, வண்டிக்கு முத்தம் குடுக்கறது?”

சொன்னேன். குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

“கீழ மட்டும் சிந்தாதப்பா. லோர்னா என்னைக் கொன்னுடுவா.”

மூன்றாவது பையில், ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் கிடைத்தது. மணி பதினொன்று ஐம்பது. தன் சைக்கிளை இறக்கிக் கொடுத்தான்.

போய்ச் சேர்ந்தபோது கயிறு கட்டியாயிற்று. முகத்தில் துணி சுற்றிய காவல்காரி நின்றாள்.

“மூடியாச்சு.”

“ரெண்டே நிமிஷம்.”

“நாப்பது பேர் இதையேதான் கேட்டாங்க.” பின்னலைப் பார்த்தாள். கையை நீட்டினாள். “குடு. நான் வெக்கறேன்.”

விரல்கள் விடவில்லை. அவள் இழுக்கவில்லை.

“பேரு?”

“வைல்டர்.”

“உன் பேரு இல்லப்பா. இவங்க பேரு.”

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாத பெயர்.

“டெஸ்ஸா.”

விட்டேன். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு புழுதிக்குள் போனாள். எங்கே வைத்தாளோ, தெரியவில்லை. வெறுங்கையோடு அவள் திரும்பும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.