மூன்று முறை கழுவிய சீசா

நகராட்சித் தண்ணீர் ஆய்வகத்தில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கிறவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோளில் ஐஸ் பெட்டி, பெட்டிக்குள் சீசாக்கள். அதனால் சீசாக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் சீசாக்காதான்.

திங்கட்கிழமை காலை அவள் இன்குபேட்டரைத் திறந்து குழாய் வரிசையை வெளியே எடுத்தாள். ஊதா நிறத்தில் வைத்த மருந்துநீர் ஐந்து குழாயிலும் மஞ்சளாகியிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாகக் கவிழ்த்திருந்த குட்டிக் குழாயில் வாயு ஏறி நின்றது. தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது என்று அர்த்தம். எந்தத் தெருக் குழாய் என்று பார்க்கச் சீட்டைத் திருப்பினாள். 'வழிபாட்டு இல்லம், ஊற்று' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். இது மறு பரிசோதனை. வெள்ளிக்கிழமை பார்த்த முதல் வரிசையும் இதே மஞ்சள்தான். கை தவறியிருக்கும் என்று மறுபடி போய்ப் பிடித்து வந்திருந்தாள்.

அந்த ஊற்று அரசு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது. வழிபாட்டு இல்லத்தின் உள்ளறையில் கல்லிலிருந்து சுரந்து, தொட்டியில் நிறைந்து, சுவரைத் துளைத்து வைத்த பித்தளைக் குழாய் வழியாகத் தெருவில் விழும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்க மறந்தாலும் அங்கே ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்க மறக்கமாட்டார்கள். சீசாக்காவே தன் கணவர் வார்டில் படுத்திருந்தபோது நாற்பது நாள் பிடித்துக்கொண்டு போனவள். அவர் எழுந்து வந்தார். அதற்கு நன்றியாக இன்றுவரை வாரந்தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறாள்.

ஊற்று விஷயத்தில் நகராட்சிக்கு இரண்டு தனி வழக்கம் இருந்தது. மற்ற எல்லாத் தண்ணீர் அறிக்கையும் புதன்கிழமைதோறும் வாசல் பலகையில் ஒட்டப்படும். வருடத்துக்கொருமுறை எடுக்கும் ஊற்றின் அறிக்கை மட்டும் கவரில் போட்டு ஒட்டி இல்லத்தின் நிர்வாகிக்குப் போகும். வழிபாடு முடிந்ததும் அவர் அதை எல்லார் முன்னாலும் பிரித்து, "இந்த வருஷமும் தூய்மை" என்று படிப்பார். கூட்டம் கைகூப்பும். மற்ற இடங்களில் சீசாக்கா தானே சீசாவைப் பிடிப்பாள். இங்கே உள்ளறைக்கு வெளியாள் போகக்கூடாது என்பதால் வாசலில் நின்று சீசாவை நீட்டுவாள். ஊற்றுத் தொண்டர் உள்ளே போய் நிரப்பி வந்து தருவார்.

இந்த வருடம் தொண்டருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. நிர்வாகி, "நீயே போய்ப் பிடிச்சுக்க. நீ என்ன வெளியாளா?" என்று சொல்லிவிட்டார். நிர்வாகி அவளுடைய சொந்த அண்ணன்.

குழாய் எங்காவது உடைந்ததா, சாக்கடை ஏதும் புதிதாகத் தோண்டினார்களா என்று கேட்க அவள் தொண்டர் வீட்டுக்குப் போனாள். அவர் காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தார். ஒன்றும் புதிதாக நடக்கவில்லை என்றார். பரிசோதனைக்கு முந்தின நாள் வழக்கம்போல் மரியாதையாகத் தொட்டியைக் கழுவி ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி ஆளையும் அனுப்பினாராம்.

"வருஷா வருஷம் போடுவீங்களா?" என்றாள்.

"பின்னே? விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டப் பெருக்கமாட்டமா? தொட்டி மட்டுமா, உன் சீசாவக்கூட நான் மூணு தடவ கழுவித்தான் பிடிப்பேன்."

"சீசாவையா? அது கழுவி, வேகவெச்சு, மூடி வர்ற சீசாவாச்சே அண்ணாச்சி."

"என்னத்த கழுவினே போ. அடியில வெள்ளையாத் தூசி உக்காந்திருக்கும், வருஷா வருஷம். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. அந்தத் தூசியோட ஊத்துத் தண்ணியப் பிடிக்க எனக்கு மனசு வருமா?"

சீசாக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது தூசி இல்லை. ஒவ்வொரு சீசாவிலும் அவளே அளந்து போடும் மருந்துத்தூள். தண்ணீரில் பிளீச்சிங் மிச்சமிருந்தால் அந்தத் தூள் அதை அந்த நிமிடமே அடக்கிவிடும். அப்போதுதான் பிடித்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருந்ததோ அப்படியே ஆய்வகத்துக்கு வந்து சேரும். தூளைக் கழுவிவிட்டால், மூடிய சீசாவுக்குள் பிளீச்சிங் வழியெல்லாம் தன் வேலையைச் செய்துகொண்டே வரும். ஜனங்கள் குடித்த தண்ணீர் ஒன்று, அவள் சோதித்த தண்ணீர் வேறொன்று.

தெருக்குழாய்க்குச் சீசா கொடுத்தனுப்பியிருந்தால், கழுவாதே என்று முதல் நாளே சொல்லியிருப்பாள். அங்கே சொல்லத் தோன்றவில்லை. அந்த வாசலுக்குப் போனதும் உத்தியோகத்தை மறந்து பக்தையாக நின்றுவிட்டாள். தொண்டர் கழுவினார் என்றால், கழுவ விட்டது அவள். இருபது வருட அறிக்கை, இருபது கையெழுத்து.

"தப்பா ஏதும் பண்ணிட்டனா?" என்று தொண்டர் கேட்டார்.

"நீங்க இல்ல, அண்ணாச்சி. நான்."

அன்று பிற்பகலே நகராட்சித் தலைவரிடம் போனாள். அவர் விஷயத்தைக் கேட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு குறைத்தார். ஊர் நம்பிக்கையில் நகராட்சி கை வைத்தது என்ற பேர் தனக்கு வேண்டாம் என்றார். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு, 'அறிவியலா, நம்பிக்கையா' என்று மன்றக் கூடத்தில் ஒரு விவாதம் வைத்துவிடலாம், சபை என்ன சொல்கிறதோ அதன்படி நடக்கலாம் என்பது அவருடைய யோசனை. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அவரே போனில் பிடித்தும்விட்டார்.

"கூட்டம் எப்ப சார்?"

"புதன்கிழமை பத்து மணி."

"சரி. பன்னெண்டு மணிக்கு நான் பலகையில ஒட்டிடுவேன்."

"சபை வேற மாதிரி முடிவு பண்ணா?"

"சபை முடிவு பண்ணாக் கிருமி எந்திரிச்சுப் போயிடுமா, சார்? இப்பவே ஒட்டணும். உங்க பேச்சுக்காகத்தான் புதன்கிழமை. ஆனா இந்த ரெண்டு நாளைக்குக் குழாய மூடி வைக்கச் சொல்லுங்க."

மூடச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார். 'பராமரிப்பு வேலை' என்று அட்டை தொங்கியது. உண்மையைச் சொல்லாத அட்டை. பாட்டிலோடு வந்தவர்கள் பக்கத்துக் கதவைத் தட்டி, உள்ளிருந்தவர்களிடம் பாட்டிலைக் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் ஆய்வகத்துக்கே வந்தார். அந்த இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. மருந்து வாடைக்கு மூக்கைச் சுளித்து, உட்கார ஸ்டூலைத் தவிர ஒன்றும் இல்லை என்று கண்டு நின்றபடியே பேசினார்.

"பாப்பா, பலகை வேண்டாம். எப்பவும்போலக் கவர்ல போட்டுக் குடு."

"குடுத்தா?"

"நான் படிக்கமாட்டேன். சத்தமில்லாமச் சுத்தம் பண்ணிடறேன். கல்ல இடிக்கணும்னாலும் இடிக்கறேன். ஒரு மாசம். யாருக்கும் தலைகுனிவு இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் செய்கிற மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பாட்டிலில் போகிற தண்ணீரை யார் தடுப்பது என்று கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் சீசா கழுவின கதையை மறைக்காமல் சொன்னாள்.

கேட்டு முடித்தவர் மெதுவாக, "அப்ப பழசெல்லாம்?" என்றார்.

"செல்லாது. அதையும் எழுதித்தான் ஒட்டப்போறேன்."

"உன் பேரையா? பைத்தியமா உனக்கு? ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. கவர்ல போயிட்டா பழைய தப்பும் அதோட போயிடும்ல?"

"போயிடும். அதான் வேண்டாங்கறேன்."

அண்ணன் வெளியேறினார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

புதன்கிழமை மன்றக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் தலைவர் நடுவில், இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் பேராசிரியர். சீசாக்காவுக்கு வலப்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியர் நன்றாகப் பேசுகிறவர். பிரபஞ்சத்தின் வயதில் ஆரம்பித்து, மனிதன் பயத்தில் கடவுளைப் படைத்தான் என்று வந்து, கல்லில் கசியும் தண்ணீருக்குக் கைகூப்புகிறவர்கள் மேல் இரண்டு நகைச்சுவை சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் முகம் கறுத்தது. அண்ணன் எழுந்து, ஐயா பிறக்கும் முன்பே இந்த ஊற்று இருந்தது, ஐயா போன பிறகும் இருக்கும், எத்தனை பேர் இதைக் குடித்து எழுந்து நடந்திருக்கிறார்கள், அதற்கு எந்தக் குழாயில் நிறம் மாறும் என்று கேட்டார். முன்வரிசை கைதட்டியது. பேராசிரியர் திருப்பிக் கொடுத்தார். அண்ணனும் விடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. கிருமி என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தலைவர், "நீங்க எந்தப் பக்கம்மா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று மைக்கைக் கீழே நீட்டினார்.

அவள் எழுந்தாள்.

"நான் எந்தப் பக்கமும் இல்ல. ஐயா கடவுள் இல்லங்கறாரு. நான் உண்டுன்னு நம்பறவ. அவரும் நானும் தனியா உக்காந்து ஒரு நாள் பேசலாம். அந்தத் தண்ணி புனிதமா இல்லையான்னு சோதிக்க என்கிட்ட குழாய் இல்ல. அது நகராட்சி வேலையும் இல்ல. குடிச்சா வயித்தால போகுமா போகாதான்னுதான் எனக்குப் பாக்கத் தெரியும். போகும். கிருமி இருக்கு."

கூடத்தில் சலசலப்பு. இருபது வருடம் தூய்மை என்று எழுதியதும் நீதானே என்று ஒருவர் கத்தினார்.

"நான்தான். தப்பு. சீசா எப்படி நிரம்புதுன்னு நான் உள்ள போய்ப் பாக்கல. வேற எந்தத் தெருவா இருந்தாலும் பாத்திருப்பேன். அங்க மட்டும் வாசல்ல நின்னுட்டேன். இல்லத்துக்காரங்க மேல குத்தமில்ல. சம்பளம் வாங்கினவ நான்."

பேராசிரியர் பலமாகக் கைதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பி, "தட்டாதீங்கய்யா. இது ஜெயிக்கற விஷயமில்ல" என்றாள். அவருக்குக் கை பாதியில் நின்றது.

தலைவர் குனிந்து, மைக்கை மூடிக்கொண்டு, வாக்கெடுப்பு வைத்துவிடட்டுமா என்று கேட்டார். எதற்கு வாக்கு என்று அவள் கேட்டாள். நோட்டிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வெளியே நடந்தாள்.

வாசல் பலகையில் வழக்கம்போல் ஒன்பது தெருக்களின் அறிக்கை இருந்தது. பத்தாவதாக இதை வைத்து நாலு மூலையிலும் ஊசி குத்தினாள். ஊற்று நீர் குடிக்க ஏற்றதல்ல, கொதிக்க வைத்தாலன்றிப் பயன்படுத்த வேண்டாம், முந்தைய இருபது ஆண்டு அறிக்கைகள் மாதிரி எடுத்த முறையில் நேர்ந்த பிழையால் செல்லாதவை, பிழைக்குப் பொறுப்பு கீழே கையெழுத்திட்டவர் என்று அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது. பின்னாலேயே கூட்டம் வந்தது. முன்னால் நின்றவர் உரக்கப் படித்தார், பின்னால் நின்றவர்களுக்காக. கையில் பாட்டிலோடு இருந்த ஒரு பெண் அதைச் சாக்கடையோரம் கவிழ்த்துவிட்டு, அவளை முறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

தலைவர் அன்றே விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். அவள் அன்றே பதில் எழுதிக் கொடுத்தாள். மூன்று வரி. மூன்றாவது வரி, இனி எந்த இடத்து மாதிரியையும் ஆய்வகமே எடுக்கும், எந்த அறிக்கையும் கவரில் போகாது என்பது.

அடுத்த திங்கட்கிழமை ஐஸ் பெட்டியோடு இல்லத்துக்குப் போனாள். உள்ளறைக் கதவருகில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். உள்ளே இரண்டு கொத்தனார்கள் தொட்டியின் பின்சுவரை உடைத்திருந்தார்கள். கல்லிடுக்கில் கழிவுநீர்க் குழாயின் பழைய விரிசல் தெரிந்தது.

அண்ணன் தங்கையைப் பார்க்காமல் அண்ணியிடம், "வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேளு" என்றார்.

"ஒரு சீசாத் தண்ணி. நானே பிடிக்கணும்னு சொல்லுங்க, அண்ணி."

"வெளியாள் உள்ள போறதில்லன்னு சொல்லு."

"கொத்தனார் ரெண்டு பேரும் யாரு வீட்டு ஆளுன்னு கேளுங்க."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குக் கழுத்து வலிக்குது. நீங்களே பேசிக்கோங்க. வெளியில இவ்வளவு வீராப்பு. வீட்டுல ஒரு வாரமாக் கொதிக்கவெச்ச தண்ணிதான், இவருக்கும் சேத்து."

அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தங்கையிடமே கேட்டார். "எத்தன நாள் வருவே?"

"சுவரு அடைச்சப்புறம் நாலு வாரம் தொடர்ந்து நல்லா வரணும். அதுக்கப்புறம் மாசாமாசம்."

"தூய்மைன்னு வந்தா?"

"பலகையில அதையும் ஒட்டுவேன்."

அவர் கதவிலிருந்து விலகினார். முழுதாக அல்ல. தோளை ஒடுக்கினால் போகலாம் என்கிற அளவுக்கு. அவள் ஒடுக்கிக்கொண்டு போனாள்.

சீசாவை நிரப்பி, மூடி, சீட்டில் நேரத்தை எழுதி, பெட்டியில் வைத்து வெளியே வந்தபோது, வந்ததுதான் வந்தாய், ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகலாமே என்றாள் அண்ணி.

"லீவு நாள்ல வர்றேன், அண்ணி. இன்னைக்கு வேலையா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் உருகும் முன்பாகப் போய்ச் சேர வேண்டும் என்று சீசாக்கா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.