கிளறாத தொட்டி

போன்சாய்க் குறுமரத்துக்கென்று எடுத்த கன்றின் ஆணிவேரை வெட்டி, அதை ஒரு தட்டை ஓட்டின் மேல் உட்காரவைத்து, பக்கவேர்களைச் சுற்றிலும் விரித்து மண்ணால் மூடிவிட வேண்டும். அப்புறம் தொடக்கூடாது. இருட்டில் கிடந்தால்தான் வேர் பருக்கும். பருத்தபின்தான் மண்ணுக்கு மேலே காட்ட வேண்டும்.

தாவரவியல் படித்துவிட்டு நர்சரிக்கு வேலைக்கு வந்தவள் பல தொட்டிகளில் அப்படித்தான் நட்டாள். நன்றாக வந்தால் கன்றுப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா காலமெல்லாம் அங்கே மண் சலித்தவள். மகள் சல்லடையைத் தொடக்கூடாது என்பது இருவருக்குமே வைராக்கியம்.

முதலாளிக்குக் கை சும்மா இருக்காது. வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று தொட்டி தொட்டியாக விரலால் மண்ணைக் கிளறுவார். வேண்டாமென்றால், நான் பெத்த பிள்ளையை நான் பார்க்கக் கூடாதா என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் ஒரே ஒரு தொட்டியை மட்டும் மேசைக்கடியில் ஒளித்து வைத்தாள்.

முதலாளி குறித்த நாளில் அந்தத் தொட்டிகளைப் பிரித்தபோது வேர்கள் நூலாக, நுனி கருகிக் கிடந்தன.

"பட்டதாரி கை வச்சா பட்டுத்தான் போகும்" என்றார் முதலாளி.

"நீங்க கிளறினதுல போச்சு. கிளறாதது ஒண்ணு இருக்கு."

"அப்ப அதைத் திறந்து காட்டு."

தொட்டியை எடுத்து வந்தாள். தண்டின் அடி லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே ஏதோ நடக்கிறது. இன்னும் ஒரு பருவமாவது வேண்டும். இப்போது காற்றுப்பட்டால் இதுவும் அவ்வளவுதான். அவர் செய்தது தப்பு என்று காட்ட, அவர் செய்ததையே அவளும் செய்யவேண்டும். விரல் மண்ணில் பதிந்து நின்றது.

"காட்டித் தொலையேன்டி" என்றாள் சல்லடையோடு நின்ற அம்மா. "ஒரு வேர்தானே."

"இன்னும் வேராகலம்மா. இப்பதான் ஆகுது."

விரலை எடுத்துக்கொண்டு தொட்டியை மறுபடி மேசைக்கடியில் வைத்தாள். இருந்தால்தானே காட்டுவாள் என்று முதலாளி கோபமே இல்லாமல் சொன்னார். நாளையிலிருந்து அம்மாவோடு மண் சலிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா நகர்ந்து உட்கார்ந்து மகளுக்கு இடம் விட்டாள். தூசு கீழே கொட்டிப்போக, சல்லடையில் தங்கிய மணலில் ஒரு கை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். மேசைக்கடியில் குனிந்து, தண்ணீர் அரித்த இடத்தில் அதைத் தூவிவிட்டு வந்தாள்.

"பாத்தியாம்மா?"

"எதைப் பாக்க? மண்ணுதான் இருக்கு. அந்தப் பக்கம் பிடி."