ஹெட்ஸ்ட்ரம் மேடம் வாய் திறக்காத மூன்று நிமிடம்

எங்கள் மினசோட்டா ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடம் முதல்வராக இருந்த லோர்னா ஹெட்ஸ்ட்ரம், ஓய்வு பெற்றதும் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் வாரியத்துக்கான தேர்தலில் நின்று ஜெயித்தார். முதல் கூட்டத்திலேயே அவருக்குச் சோதனை. பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். உறுப்பினர்கள் பதில் சொல்லக் கூடாது. விதி அப்படி. வாரிய எழுத்தரான என்னிடம்தான் கடிகாரம்.

முதலில் எழுந்தவன் டேல் க்ரோகன். படிக்கிற காலத்தில் வாரம் தவறாமல் முதல்வர் அறையில் நின்றவன்.

"அப்பல்லாம் என்னை வாயத் திறக்க விட்டீங்களா மேடம்? இன்னிக்கு நீங்க கம்முன்னு இருக்கணும்."

லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கக் காகிதத்துக்குள் குனிந்தேன்.

பஸ் பிடிக்கப் பிள்ளைகள் பனியில் நெடுஞ்சாலையைக் கடப்பதைப் பற்றி டேல் நன்றாகவே பேசினான். லோர்னா விடாமல் குறிப்பெடுத்தார். இரண்டு நிமிடத்தில் அவனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடிகாரம் ஒலித்த பிறகும் நின்றான்.

"நான் போலாமா மேடம்?"

லோர்னா விதியை மீறவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

டேல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.